ஊக்கம் எங்கே பிறக்கிறது?



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரங்கைப் பற்றி யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்தின் பின்புறம் நாலு வாழை நட்டிருப்போம். குலை மஞ்சள் தட்டும்வரை ஒரு குரங்கும் கண்ணில் படாது. நாளைக்கு வெட்டலாம் என்று நாம் நினைத்திருப்போம். இன்றைக்கே அது வந்துவிடும். வேலியின்மேல் உட்கார்ந்துகொண்டு குலையைப் பார்க்கும். வாசலில் கட்டிக் கிடக்கும் நாயைப் பார்க்கும். மறுபடியும் குலையைப் பார்க்கும். சங்கிலி எவ்வளவு நீளம் என்று கணக்குப் போடுவதுபோல் இருக்கும். பிறகு ஒன்று, பாய்ந்து வந்து பழத்தைப் பறிக்கும். அல்லது, போனால் போகட்டும் என்று காட்டுக்குத் திரும்பிவிடும்.

அந்த அரை நிமிட நேரத்தில் குரங்கின் தலைக்குள் என்ன நடக்கிறது? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

குரங்கைப் பற்றி நமக்கு என்ன என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் எழுந்து வேலைக்குப் புறப்படுவதற்கும், பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்கும், சிலர் எதற்கும் மனமில்லாமல் சுருண்டு படுத்துவிடுவதற்கும் அதே விடைதான் உதவுகிறது. குரங்கின் மூளையும் நம் மூளையும் அளவில் வேறுபட்டவை. வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,350 கிராம். ரீசஸ் குரங்கின் மூளை சுமார் 90 கிராம். ஆயினும் உள்ளே இருக்கும் பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளும் பெரிதும் ஒரே அமைப்பைக் கொண்டவை. அதனால்தான் மனித மனத்தை அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர்கள் குரங்கை ஆராய்ந்தார்கள்.

வேலியின்மேல் இருக்கும் குரங்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, எடைபோடுதல். பழம் எவ்வளவு இனிக்கும், நாய் எவ்வளவு கடிக்கும் என்று நன்மையையும் தீமையையும் சீர்தூக்கிப் பார்க்கிறது. இரண்டாவது, புறப்படுதல். எடை போட்டு முடித்தபின் உடம்பை எழுப்பிக் காலை முன்னே வைக்க வேண்டும். முன்னதை முடிவெடுத்தல் என்றும், பின்னதை ஊக்கம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல. போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, போகாமலே உட்கார்ந்திருக்கும் நாட்கள் நம் எல்லாருடைய வாழ்விலும் உண்டு அல்லவா? வள்ளுவரும் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், மடியின்மைக்கு அடுத்த அதிகாரம் என்று தனித்தனியே வைத்திருக்கிறார்.

இந்த இரண்டு வேலைகளையும் இணைக்கும் பாதையை முதலில் பார்ப்போம்.

நம் நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மூளை. அதன் நடுப்பக்கத்தில், அரைக்கச்சை சுற்றியதுபோல் வளைந்த ஒரு மடிப்பு இருக்கிறது. அதனைக் கச்சை மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். நன்மை தீமையை எடைபோடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் உட்புறத்தில், கோடு கோடாகத் தெரியும் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு வரியுடல் என்று பெயர். எதைத் தொடங்குவது, எதை விட்டுவிடுவது என்பதில் இதற்குப் பங்கு உண்டு. இன்னும் கீழே, நடுமூளையில், கருமையாகத் தெரியும் ஒரு சிறு திட்டு உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து மேலே வரியுடலுக்கும் முன்மூளைக்கும் அனுப்புகின்றன.

முன்மூளையிலிருந்து வரியுடலுக்குச் செய்தி போகிறது. வரியுடலிலிருந்து வேறு சில நிலையங்களைக் கடந்து மீண்டும் முன்மூளைக்கே திரும்புகிறது. குரங்குகளில் இத்தகைய சுற்றுப்பாதைகள் பல, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன என்பதை 1986ஆம் ஆண்டில் அலெக்சாண்டர், டிலாங், ஸ்டிரிக் என்ற மூன்று அறிவியலாளர்கள் விளக்கி எழுதினார்கள்.

தோட்டத்து வழக்கத்தில் சொன்னால் இது எளிதில் விளங்கும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து, யாருக்கு எந்த நிரை என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆட்கள் மரம் வெட்டிப் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே பாலை நிறுத்துக் கிராணி எழுதுகிறார். அந்தக் கணக்கு ஆபீசுக்குப் போகிறது. அதைப் பார்த்து மறுநாள் பெரட்டில் வேலை பிரிக்கிறார்கள். உத்தரவு கீழே போகிறது. கணக்கு மேலே வருகிறது. கணக்கைப் பார்த்து மறுபடியும் உத்தரவு. மூளையின் சுற்றுப்பாதையும் இப்படித்தான் ஓடுகிறது. இதில் டோப்பமின் நரம்பணுக்கள் செய்வது நிறுவைக் கிராணியின் வேலை. ஆனால் இந்தக் கிராணி, எவ்வளவு வந்தது என்பதை மட்டும் எழுதுவதில்லை. எதிர்பார்த்ததைவிடக் கூட வந்ததா, குறைய வந்ததா என்று பார்த்து எழுதுகிறார். இதுதான் இன்றைய பேச்சின் மையம்.

இதைக் கண்டறிந்தவர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர். சுவிட்சர்லாந்தில் ஃபிரிபூர் நகரப் பல்கலைக்கழகத்தில் 1980களிலும் 1990களிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சிக்கு அவர் பயன்படுத்தியவை நீள்வால் குரங்குகள். நம் தோட்டத்து ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் கூட்டமாகத் திரிகின்றனவே, மலாய்க்காரர்கள் ‘கெரா’ என்கிறார்களே, அதே இனம்தான்.

மிக மெல்லிய மின்முனையைக் குரங்கின் நடுமூளையில் செலுத்தி, ஒரே ஒரு நரம்பணு எப்போது துடிக்கிறது என்று அவர் கேட்டார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தது. உடனே நரம்பணு வேகமாகத் துடித்தது. இது மகிழ்ச்சியின் துடிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஓர் அடையாளம் காட்டினார்கள். சில நாட்களில், அடையாளம் வந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டது. இப்போது நடந்தது என்ன? அடையாளம் தோன்றிய உடனே நரம்பணு துடித்தது. சாறு வந்தபோது துடிக்கவில்லை! சாறு அதே சாறுதான்; இனிப்பும் அதே இனிப்புதான். ஆனால் அது எதிர்பார்த்தபடி வந்துவிட்டது. புதிதாக எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்கவில்லை. சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில், அந்த நரம்பணு தன் வழக்கமான துடிப்பையும் நிறுத்திக்கொண்டது. வர வேண்டியது வரவில்லை என்று கணக்கில் எழுதியதுபோல் இருந்தது அது. ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு ஆகிய மூவரும் இதனை 1997ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். 2017ஆம் ஆண்டில் ஷூல்ட்சும் டயானும், ரேமண்ட் டோலன் என்ற மற்றோர் அறிஞரும் மூளை ஆராய்ச்சிக்கான பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தச் செய்தியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஒருவர் நாலு நம்பர் எடுக்கிறார். ஒருமுறை சிறிய பரிசு விழுகிறது. அது எதிர்பாராமல் வந்த சாறு. அதன்பிறகு கடை வாசலைப் பார்த்தாலே, சீட்டைக் கையில் வாங்கினாலே மனம் துள்ளுகிறது. அடையாளத்துக்கே நரம்பணு துடிக்கத் தொடங்கிவிட்டது. எப்போது விழும் என்று தெரியாததால், எப்போதாவது விழும்போது அது மறுபடியும் எதிர்பாராததாகவே இருக்கிறது. கூலிநாள் முடிந்து கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவரை வீட்டார் ஏசுவார்கள். ஏசுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவருடைய அறிவு மட்டும் பிசகவில்லை. கற்றுக்கொள்வதற்காக இயற்கை வைத்த கணக்கே வேறு வழியில் இழுக்கப்பட்டுவிட்டது. மதுவும் புகையிலையும் இன்னும் குறுக்கு வழியில் போகின்றன. அவை டோப்பமினை நேராகவே கிளப்பிவிடுகின்றன. இத்தகைய கணக்கைத் திருத்தப் புத்திமதி மட்டும் போதாது. கடை வாசலையும் பழைய கூட்டாளிகளையும் விட்டு விலகியிருந்தால்தான் அடையாளத்தின் பிடி தளரும். மருத்துவ உதவியும் வேண்டியிருக்கலாம்.

இதுவரை பழத்தைப் பற்றிப் பேசினோம். நாயைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற பெண் அறிவியலாளரும் கென்-இச்சி அமெமோரி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளரும் செய்த சோதனை இந்த நாயைப் பற்றியது.

குரங்கின் முன்னே ஒரு திரை. அதில் இரண்டு பட்டைகள் தோன்றும். ஒரு பட்டையின் நீளம் எவ்வளவு உணவு கிடைக்கும் என்பதைக் காட்டும். மற்றொன்றின் நீளம், உணவோடு சேர்த்து முகத்தில் எவ்வளவு வேகமாகக் காற்று ஊதப்படும் என்பதைக் காட்டும். காற்றினால் காயம் ஏற்படாது. ஆனால் குரங்குக்கு அது பிடிக்காது. குரங்கு ஒரு கைப்பிடியை நகர்த்தித் தன் விருப்பத்தைச் சொல்லலாம். சம்மதித்தால் உணவும் உண்டு, காற்றும் உண்டு. வேண்டாம் என்றால் காற்று இல்லை. சிறிதளவு உணவு மட்டும் கிடைக்கும். உணவு நிறைய, காற்று கொஞ்சம் என்றால் குரங்கு சம்மதித்தது. காற்று அதிகம், உணவு கொஞ்சம் என்றால் விலகியது. நாமும் அப்படித்தானே செய்வோம்?

அப்போது கச்சை மடிப்பின் முன்பகுதியில் உள்ள நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சில நரம்பணுக்கள் நன்மையின் பக்கம் பேசின. சில தீமையின் பக்கம் பேசின. தீமையின் பக்கம் பேசும் நரம்பணுக்கள் மிகுந்திருந்த ஒரு சிறிய இடத்தைக் கண்டார்கள். அந்த இடத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தியதும், சற்று முன்புவரை சம்மதித்துவந்த பேரத்துக்கே குரங்கு வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியது. உணவு குறையவில்லை. காற்று கூடவில்லை. எடைக்கல் மட்டும் மாறிவிட்டது. துன்பத்தின் தட்டு தானாகவே கனத்துவிட்டது. பின்னர் கவலையைத் தணிக்கும் டயஸிபாம் என்ற மருந்தைக் கொடுத்தபோது, மின்னோட்டத்தால் ஏற்பட்ட அந்த மாற்றம் மறைந்தது. இந்தச் சோதனை 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அந்தக் கச்சை மடிப்பிலிருந்து வரியுடலில் உள்ள சில சிறு தீவுகளுக்கு நரம்பிழைகள் செல்கின்றன. இந்தத் தீவுகளை 1978ஆம் ஆண்டிலேயே கிரேபியல் விவரித்திருந்தார். ஆகவே அடுத்ததாக வரியுடலில் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு இன்னும் வியப்பானது. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும், குரங்கு துன்பத்தையே பெரிதாக எண்ணி விலகும் போக்கு நீடித்தது. வேண்டாம் என்ற ஒரே முடிவையே அது திரும்பத் திரும்ப எடுத்தது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நல்ல வேலை கிடைத்தும் போக மறுக்கிறவர்; கல்யாண வீட்டுக்கு அழைத்தால், எதற்கு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர்; முன்பு ஆசையாகச் செய்ததையெல்லாம் விட்டுவிட்டவர். இவர்களுக்கு நாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம்: சோம்பேறி. ஆனால் மனச்சோர்வு நோயில் நடப்பதும் இதைப் போன்றதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். உலகம் அப்படியே இருக்கிறது. அவருடைய தராசில் துன்பத்தின் தட்டு கனத்துவிட்டது. தராசு பிசகியவரிடம், ஏன் சரியாக நிறுக்கவில்லை என்று சண்டை போட்டு என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டயஸிபாம் பற்றிக் கேட்டதும் யாரும் பக்கத்து வீட்டில் மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். அது பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளும் மருந்து. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடக்கூடாது.

சரி, எடைபோடுவதில் கோளாறு இல்லாமல், புறப்படுவதில் மட்டும் கோளாறு வருமா? வரும். 1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படுவது. மூளையில் சேர்த்து வைத்திருக்கும் டோப்பமினை அது தீர்த்துவிடும். முயல்கள் காது தொங்கி, வைத்த இடத்தில் பொம்மைபோல் கிடந்தன. பிறகு டோப்பமினாக மாறக்கூடிய எல்-டோப்பா என்ற மருந்தைச் செலுத்தினார். கால் மணி நேரத்துக்குள் அவை எழுந்து நடமாடின. இந்த வழியில் செய்த கண்டுபிடிப்புகளுக்காகக் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

1960ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஹோர்னிகீவிச் என்பவர், நடுக்குவாத நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். முன்பு சொன்ன கரும் திட்டில் உள்ள நரம்பணுக்கள் அழிந்துபோவதே அதற்குக் காரணம். மறு ஆண்டிலேயே நோயாளிகளுக்கு எல்-டோப்பா கொடுத்துப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றும் அந்த நோய்க்கு அதுவே முதன்மையான மருந்து.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். அறுபது வயதை நெருங்கும்போது ஆள் மாறிப்போனார். சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆகும். முகத்தில் சிரிப்பு இல்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். “அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது, மகன் சம்பாதிக்கிறான் என்ற தைரியம்” என்று மருமகள் முதல் பக்கத்து வீட்டார் வரை பேசினார்கள். அவரும் பதில் சொல்லவில்லை. கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். நடுக்குவாதம் என்று தெரிந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் அவர் தாமே பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். “இரண்டு வருஷமாக அவரை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம்” என்று மருமகள் அழுதது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. நடுக்குவாதத்தில் கை நடுங்குவதற்கு முன்பே ஊக்கம் குறைவது உண்டு என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கச்சை மடிப்பே பழுதானால் நிலை இன்னும் கடுமை. இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்தப் பகுதி பாதிக்கப்பட்ட சிலர், விழித்திருந்தும் பேசமாட்டார்கள், அசையமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி 1983இல் மருத்துவர்கள் எழுதினார்கள். தேறி எழுந்தபின் அவரைக் கேட்டார்கள். மற்றவர்கள் பேசியது தமக்குப் புரிந்தது என்றும், ஆனால் சொல்வதற்கு மனத்தில் ஒன்றும் எழவில்லை என்றும் அவர் சொன்னார். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. சொல்லைத் தூக்கி வெளியே அனுப்பும் ஊக்கம்தான் இல்லை.

இவ்வளவும் கேட்டபின், அப்படியானால் சோம்பல் என்பதே உலகத்தில் கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நல்ல உடம்போடும் தெளிந்த மனத்தோடும், செய்யலாம் என்று தெரிந்தும் தள்ளிப்போடுவது எல்லாரிடமும் உண்டு. அதற்கும் நோய்க்கும் வேறுபாடு காண்பது எப்படி? முன்பு எப்படி இருந்தார் என்று பாருங்கள். சுறுசுறுப்பாய் இருந்தவர் மாறிவிட்டாரா? கசப்பான வேலையில் மட்டும் மனமில்லையா, அல்லது பிடித்த சோறு, பிடித்த படம், பேரப்பிள்ளை எதிலுமே மனமில்லையா? உறக்கமும் பசியும் மாறிவிட்டனவா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறாரா? அப்படியென்றால் ஏச்சை நிறுத்துங்கள். பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், ஒருநாளும் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் இந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கணக்குப் பாடத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைக்கு அந்தப் புத்தகமே காற்று ஊதும் அடையாளமாகிவிட்டது. திறந்தால் அடி விழும், ஏச்சு விழும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. மேலும் அடித்தால் அந்தத் தட்டு இன்னும் கனக்கும். மாறாக, முடியக்கூடிய சிறிய கணக்கு ஒன்றைக் கொடுங்கள். முடித்ததும், அது எதிர்பாராத நேரத்தில், நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட வந்தது என்று உள்ளே இருக்கும் கிராணி எழுதிக்கொள்வார். நாளடைவில் புத்தகத்தைக் கண்டால் ஓடும் கால்கள் சற்று நிற்கும்.

நேயர்களே, நாம் தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டாலும், உழைப்பையே மதித்து வளர்ந்த குடும்பங்கள். அது நல்ல குணம். ஆனால் உழைக்க முடியாமல் போனவரை உடனே குற்றவாளியாக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. ஊக்கம் என்பது மூளையில் ஒரு பாதையில் ஓடுகிறது. கால் ஒடிந்தவரை எழுந்து நட என்று நாம் அடிப்பதில்லை. பாதை அடைபட்டவரிடமும் அந்த இரக்கத்தைக் காட்டுவோம். அடுத்தமுறை வேலியின்மேல் ஒரு குரங்கைக் கண்டால், கல்லை எடுப்பதற்கு முன் ஒரு கணம் அதன் முகத்தைப் பாருங்கள். பழத்துக்கும் நாய்க்கும் நடுவே அது போடும் கணக்கு, நம் வீட்டில் படுத்திருப்பவர் ஒவ்வொரு காலையிலும் போட்டுப் போட்டுத் தோற்கும் கணக்காகவும் இருக்கலாம்.